உருவம் துறந்த ஓவியம் – 7: சிற்றூர்க் கிடங்குகளில் கிடந்த வண்ணங்கள்

அரூப ஓவியத்தின் தோற்றம் பெரும்பாலான நூல்களில் மூன்று ஆண்களின் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மியூனிக்கில் பணியாற்றிய வசீலி கந்தின்ஸ்கி, மாஸ்கோவின் கசிமீர் மாலெவிச், ஹாலந்தின் பீட் மோந்திரியான் ஆகிய மூவருமே கண்ணால் காணும் பொருள்களின் சாயலை ஓவியத்திலிருந்து விலக்கி, வண்ணமும் கோடும் வடிவமும் தமக்குள் கொள்ளும் உறவையே ஓவியத்தின் முழுப் பொருளாக்கிய முதல்வர்கள் என்பது நெடுங்காலம் பாடநூல் முடிவாக நிலைத்திருந்தது. மூவரும் பெரிய ஓவியர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் பெயர் நிலைத்ததற்கு அவர்களுடைய ஆற்றல் மட்டும் காரணமன்று. அவர்களுடைய படைப்புகள் எந்த நாட்டில், யார் கண்ணில் படும்படி இருந்தன என்பதும் அதே அளவுக்குக் காரணம். கந்தின்ஸ்கி ஜெர்மனியில் இருந்தபடியே தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். மாலெவிச் 1927இல் பெர்லினுக்குக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்த ஓவியங்களை அங்கேயே விட்டுத் திரும்ப நேர்ந்ததால் அவை போருக்குத் தப்பி, பெரும்பகுதி 1958இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதே மாஸ்கோவிலும் பெத்ரோகிராதிலும் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அதே ஆண்டுகளில், அதே துணிவோடு உருவத்தைத் துறந்து வரைந்த ஒல்கா ரோசனோவா, லியுபோவ் போப்போவா, நதேழ்தா உதல்த்சோவா, இவான் கிளியுன், மிஹயீல் மென்கோவ், எந்தர் குடும்பத்தின் உடன்பிறப்புகள் போன்றோரின் ஓவியங்களோ நாட்டுக்குள்ளேயே தங்கின, தங்கியதால் மறைந்தன. அவை எவ்வாறு மறைந்தன, எவ்வாறு மீண்டும் கண்டெடுக்கப்பட்டன என்பதே இப்பகுதியின் பொருள்.

முந்தைய பகுதியில் விரிவாகக் கண்ட ‘0,10’ கண்காட்சியிலிருந்தே இக்கதையையும் தொடங்க வேண்டியிருக்கிறது. பெத்ரோகிராதின் மார்ஸ் திடலை ஒட்டியிருந்த தோபிச்சினா கலைக்கூடத்தில் 1915 டிசம்பரில் தொடங்கிய அக்கண்காட்சியை இன்று நினைவுகூர்வோர் அனைவரும் நினைப்பது ஒரே ஒரு புகைப்படத்தைத்தான்: சுவர்கள் சந்திக்கும் மூலையின் உச்சியில், ருஷ்யர் வீட்டில் புனிதர் திருவுருவப் படம் வைக்கும் இடத்தில், மாலெவிச்சின் கறுப்புச் சதுரம் தொங்கும் படம். அப்புகைப்படத்தில் காணப்படுவது மாலெவிச்சின் சுவர் மட்டுமே. கண்காட்சியில் பங்கேற்றவர்கள் பதினால்வர். அவர்களில் சரிபாதியினர் பெண்கள். ரோசனோவா அங்கு வைத்திருந்த ‘மோட்டார் வண்டி’, ‘மிதிவண்டிக்காரன்’ ஆகிய இரு புடைப்புப் படைப்புகள், அதாவது தட்டையான பலகையின்மீது வேறு பொருள்களைப் பொருத்திச் சுவரிலிருந்து முன்னே நீளும்படி அமைக்கப்பட்டவை, இன்று இல்லை. அவை எப்படியிருந்தன என்பதைப் புகைப்படத்தின் வழியே மட்டும் அறிய முடிகிறது. ஒரு சுவர் புகழடைந்தது, மற்றச் சுவர்கள் மறந்துபோயின என்பது வரலாற்றின் போக்கை எவ்வளவு மாற்றியது என்பதைப் பின்வரும் பத்திகள் காட்டும்.

மாலெவிச் தம் புதிய முறைக்குச் ‘சுப்ரமேட்டிசம்’ என்று பெயரிட்டார். வெண்ணிறப் பரப்பில் சதுரம், வட்டம், செவ்வகம், சிலுவை போன்ற எளிய வடிவங்கள் எடையற்று மிதப்பதும், தூய உணர்வே ஏனைய அனைத்துக்கும் மேலானது என்னும் கோட்பாடும் அதன் அடிப்படை. இம்முறை பொதுமக்கள் பார்வைக்கு முதன்முதலில் வந்தது ‘0,10’ கண்காட்சியில்தான் என்று எழுதுவது வழக்கம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னரே, 1915 நவம்பரில், மாஸ்கோவின் லெமர்சியே கூடத்தில் நடந்த நவீன அலங்காரக் கலைக் கண்காட்சியில், மாலெவிச்சின் சுப்ரமேட்டிச வடிவங்கள் இரண்டு கழுத்துத் துணிகளுக்கும் ஒரு தலையணைக்குமான பூவேலை மாதிரிகளாக இடம்பெற்றிருந்தன. அத்துணிகளுக்குப் பின்னே இருந்தது உக்ரைனின் வெர்போவ்கா என்னும் சிற்றூர். அங்கு நதாலியா தவிதோவா நடத்திய பூவேலைக் கூடத்தில் உழவர் குடும்பப் பெண்கள், நகரத்து ஓவியர்கள் வரைந்தனுப்பிய அரூப வடிவங்களைப் பட்டு நூலால் துணியில் ஏற்றினர். ரோசனோவா, போப்போவா, உதல்த்சோவா ஆகியோரும் பின்னர் இக்கூடத்துக்காக வரைந்தனர். உலகக் கலையின் பெருந்திருப்பமாகக் கருதப்படும் ஒன்று ஊசியும் நூலும் வழியாக முதலில் வெளிப்பட்டது என்பது கலை வரலாற்றாசிரியர்கள் பலருக்கு நெடுங்காலம் பொருட்டாகவே தோன்றவில்லை. அந்தத் துணிகளும் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டன. அழிந்ததற்கும் பொருட்டாகத் தோன்றாததற்கும் தொடர்பு உண்டு. பெண்களின் கைவேலை என்று வகைப்படுத்தப்பட்டவற்றைப் பாதுகாக்க அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் முன்வரவில்லை.

இவ்வோவியர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஒல்கா ரோசனோவா. விளதீமிர் மாகாணத்தின் மெலென்கி என்னும் சிறு நகரில் 1886இல் பிறந்து, மாஸ்கோவின் தனியார் பயிற்சிக்கூடங்களில் ஓவியம் கற்று, 1911 முதல் பீட்டர்ஸ்பர்கின் ‘இளைஞர் சங்கம்’ என்னும் கலைஞர் அமைப்பில் முன்னணியில் நின்றவர் அவர். கவிஞர் அலெக்சேய் குருச்சோனிஹுடன் சேர்ந்து, எழுத்தும் படமும் ஒரே கையால் ஒரே பக்கத்தில் தீட்டப்பட்ட சிறு நூல்களை உருவாக்கினார். வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படமாக்கும் முறையை அவர் மேற்கொண்டிருந்த காலத்தில்தான் மாலெவிச்சின் புதிய ஓவியங்கள் வெளிப்பட்டன. சுப்ரமேட்டிசம் முழுவதும் தம் ஒட்டுப்படங்களே என்றும், உண்மைப் பொருள் எதையும் கலவாமல் பரப்புகளையும் கோடுகளையும் வட்டுகளையும் இணைப்பதே அது என்றும், இருந்தும் தம் பெயரை மறைக்கிறார்கள் என்றும் அவர் குருச்சோனிஹுக்குக் கடிதத்தில் மனம் நொந்து எழுதினார். யார் முதலில் கண்டார் என்னும் வழக்கைத் தீர்ப்பது இங்கு நோக்கமன்று. அக்கடிதம் உணர்த்துவது வேறொன்று: உருவமற்ற ஓவியம் ஒருவரின் மூளையில் ஓரிரவில் உதித்ததன்று, ஒரு சிறு வட்டத்தினர் ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் கற்றும், கற்றதை மறுத்தும், போட்டியிட்டும் சேர்ந்தே அடைந்த ஒன்று.

ரோசனோவா மாலெவிச்சின் குழுவில் சேர்ந்து, அச்சுக்கு வராமலே போன ‘சுப்ரெமுஸ்’ இதழுக்குச் செயலாளராகவும் இருந்தார் என்றாலும், அவருடைய வழி விரைவில் தனி வழியானது. மாலெவிச்சுக்கு வடிவம் முதன்மை. வண்ணம் அவ்வடிவத்தை நிரப்புவது. ரோசனோவாவோ வண்ணத்தை வடிவத்தின் பிடியிலிருந்தே விடுவிக்க முயன்றார். அம்முறையை ‘வண்ணத் தீட்டல்’ என்னும் பொருள்பட ருஷ்ய மொழியில் ‘த்ஸ்வெதோபிஸ்’ என்றழைத்தார். 1917இல் அவர் வரைந்த ‘பச்சைக் கோடு’ அம்முயற்சியின் உச்சம். ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் உயரமுள்ள அக்கித்தானில் வெண்மையான பரப்பின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு பச்சைப் பட்டை செல்கிறது, வேறெதுவும் இல்லை. பச்சையின் விளிம்புகள் அளவுகோல் வைத்து இழுத்தவை போலக் கூர்மையாக இல்லாமல் வெண்மைக்குள் மெல்லக் கரைகின்றன. அடியிலுள்ள வெள்ளை ஊடுருவித் தெரியும்படி வண்ணம் மெல்லிய பூச்சாக ஏற்றப்பட்டிருப்பதால், பட்டை கித்தானின்மீது படிந்த சாயமாகத் தோன்றாமல், உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் பார்னெட் நியூமன் ஒற்றைச் செங்குத்துப் பட்டையால் புகழ்பெற்ற தம் முதல் ஓவியத்தை வரைந்தது 1948இல். ரோசனோவாவின் ஓவியத்தை அவர் பார்த்திருக்க வழியே இல்லை. முப்பத்தோராண்டு இடைவெளியில் இரு கண்டங்களில் தோன்றிய இவ்விரு ஓவியங்களுள் பிந்தியதே நவீனக் கலையின் திருப்புமுனையாக எல்லா நூல்களிலும் இடம்பெற்றது.

1918 நவம்பர் 7 அன்று, அக்டோபர்ப் புரட்சியின் முதலாண்டு விழா மாஸ்கோவில் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, ரோசனோவா தொண்டை அடைப்பான் நோயால் தம் முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். அவ்விழாவுக்கான தெரு அலங்காரப் பணியில் இருந்தபோதுதான் அவர் நோயுற்றிருந்தார். புதிய அரசு நடத்திய கண்காட்சி வரிசையின் முதலாவது கண்காட்சி அவர் நினைவாகவே அமைந்தது. ஏறத்தாழ 250 படைப்புகள் அதில் வைக்கப்பட்டன. அதன் விவரப்பட்டியலுக்கு முன்னுரை எழுதியவர் இவான் கிளியுன். ரோசனோவாவைப் போலவே விளதீமிர் மாகாணத்தவரான கிளியுன், கணக்கராக வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்துக்கொண்டே ஓவியம் பயின்றவர். மாலெவிச்சின் நெருங்கிய நண்பராக இருந்து, பின்னர் கொள்கையில் விலகி, வெண்பரப்பில் ஒற்றை வடிவம், ஒற்றை வண்ணம் என்று தனியே ஆராய்ந்தவர். மென்கோவைப் பற்றிச் சொல்வதற்கு இருப்பது இன்னும் குறைவு. வில்னியூசில் 1885இல் பிறந்து, 1926இல் யால்தாவில் இறந்த அவருடைய ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ‘டிராம் எண் 6’ வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சமாரா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாஸ்கோவில் வரையப்பட்ட ஓவியம் சமாராவுக்கு எவ்வாறு சென்றது என்னும் கேள்வியே இவ்வரலாற்றின் மையத்துக்கு இட்டுச்செல்கிறது. புரட்சிக்குப் பின் அனத்தோலி லுனச்சார்ஸ்கியின் தலைமையில் அமைந்த கல்வி மக்கள் ஆணையகத்தில் நுண்கலைக்கென 1918இல் தனித்துறை ஒன்று ஏற்பட்டது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் கவ்வியிருந்த அந்நாளில் தனியார் ஓவியம் வாங்குவது அடியோடு நின்றுவிட்டதால், ஓவியரிடமிருந்து அரசே படைப்புகளை விலைக்கு வாங்க முடிவுசெய்தது. வாங்கும் குழுவில் அமர்ந்தவர்கள் பழைய அருங்காட்சியக அதிகாரிகளல்லர், ஓவியர்களே. கந்தின்ஸ்கி அதில் முக்கியப் பொறுப்பு வகித்தார். வாங்கியவற்றைப் பகிர்ந்தளிக்க ‘அருங்காட்சியகப் பணியகம்’ என்று ஓர் அலுவலகம் அமைந்தது. அதை நடத்தியவர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ, தாமே அரூப ஓவியர். மாஸ்கோவில் ‘ஓவியப் பண்பாட்டு அருங்காட்சியகம்’ 1919இல் தொடங்கப்பட்டது. நவீனக் கலைக்கென்றே ஓர் அரசு அமைத்த அருங்காட்சியகங்களில் உலகிலேயே மிக முந்தியவற்றுள் ஒன்று அது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தொடங்கிய 1929இலேயே இது மூடப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பணியகம் மாஸ்கோவோடு நிற்கவில்லை. ஓவியரின் அன்றாடச் சோற்றுக்கு வழிசெய்வதோடு, ஓவியத்தைத் தலைநகரின் உரிமையாக விடாமல் நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் கொண்டுசெல்வதும் அதன் கொள்கையாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1,900 படைப்புகள் நானூறுக்கும் மேற்பட்ட கலைஞரிடமிருந்து வாங்கப்பட்டன. அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை முப்பதுக்கும் மேலான நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பப்பட்டன. ரோசனோவாவின் ‘பச்சைக் கோடு’ பழைமையான ரஸ்தோவ் நகரின் கோட்டைக்குள்ளிருந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அவருடைய ‘வானூர்தியின் பறப்பு’ சமாராவுக்கும், மற்றொரு பொருள்சாரா ஓவியம் யூரல் மலைப்பகுதியின் யெகாத்தரின்பூர்குக்கும், முந்தைய காலத்து ஓவியமொன்று கொஸ்த்ரோமாவுக்கும் சென்றன. ரயில்கள் ஓடாத, விறகு கிடைக்காத, ரொட்டி பங்கீட்டில் வழங்கப்பட்ட ஆண்டுகளில், வெள்ளைப் பரப்பில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டிச் சுற்றி, ஏரிக்கரை நகரொன்றின் மக்கள் பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்த அச்செயலுக்கு ஈடான ஒன்றை அக்காலத்தின் வேறெந்த நாட்டிலும் காண்பது அரிது. அவ்வூர் மக்கள் அதை விரும்பினார்களா என்பது வேறு கேள்வி. அவர்களும் பார்க்கத் தகுதியுடையோர் என்று கருதியதே பெரிது.

இந்தப் பரவலே பின்னாளில் அவ்வோவியங்களைக் காத்தது. 1932 ஏப்ரலில் கலை இலக்கிய அமைப்புகள் அனைத்தும் கட்சியின் ஆணையால் கலைக்கப்பட்டு, 1934க்குப் பின் சோசலிச யதார்த்தவாதம் ஒன்றே ஏற்கத்தக்க முறையென அறிவிக்கப்பட்டு, 1936இல் ‘பிராவ்தா’ நாளேடு ‘வடிவவாதம்’ என்னும் குற்றச்சாட்டோடு கலைஞர்களைத் தாக்கத் தொடங்கியபின், பெரிய அருங்காட்சியகங்கள் இவ்வோவியங்களைக் காட்சிச் சுவரிலிருந்து அகற்றிப் பூட்டிய அறைகளில் வைத்தன. சிற்றூர் அருங்காட்சியகங்களில் அவை கிடங்குக்குள் சென்றன. ஊரின் தொல்பொருள்கள், பாடம் செய்யப்பட்ட பறவைகள், உழவுக் கருவிகள், வணிகர் வீட்டு மேசை நாற்காலிகள் ஆகியவற்றோடு கித்தான்களும் சேர்ந்து கிடந்தன. எவரும் தேடி வரவில்லை, எவரும் கணக்குக் கேட்கவில்லை. பட்டியலில் பதிந்த பொருளை அழிப்பதற்கும் ஆணை வேண்டும் என்னும் அலுவலக அச்சமே சில இடங்களில் அவற்றைக் காப்பாற்றியது என்று கருத இடமுண்டு.

வீடுகளில் இருந்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. நதேழ்தா உதல்த்சோவாவின் கணவர் அலெக்சாந்தர் திரேவின், லாத்வியாவில் பிறந்த ஓவியர். 1920களின் தொடக்கத்தில் அரூப ஓவியங்கள் வரைந்து, பின்னர் இயற்கைக் காட்சிகளுக்குத் திரும்பியவர். சோவியத் நாட்டில் வாழ்ந்த லாத்வியர்கள்மீது 1937, 1938 ஆண்டுகளில் நடந்த வேட்டையில் அவரும் கைதாகி, 1938 பிப்ரவரி 26 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். புகைப்பட ஒட்டுப்படங்களுக்குப் பெயர்பெற்ற குஸ்தாவ் குளூத்சிஸ் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். சோதனைக்கு வந்த காவலர்களிடம், வீட்டிலிருந்த கணவரின் ஓவியங்கள் அனைத்தும் தாம் வரைந்தவையே என்று சொல்லி உதல்த்சோவா அவற்றைப் பறிமுதலிலிருந்து மீட்டார். கணவர் கொல்லப்பட்ட செய்தி அவருக்கு 1950களின் நடுப்பகுதிவரை தெரிவிக்கப்படவில்லை. திரேவின் என்னும் ஓவியர் இன்று நமக்குத் தெரிகிறார் என்றால், அது அந்த ஒரு சொல்லால்.

இக்கலைஞர்களின் நாட்டைப் பற்றியும் இவ்விடத்தில் ஒன்று குறிப்பிட வேண்டும். ‘ருஷ்ய’ என்னும் அடைமொழி இவர்கள் அனைவரையும் குறிக்க வழக்கத்தில் வந்துவிட்டபோதிலும், மாலெவிச் கீவ் நகரில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்; மென்கோவ் பிறந்த வில்னியூஸ் இன்று லித்துவேனியாவின் தலைநகர்; திரேவினும் குளூத்சிசும் லாத்வியர்கள்; வெர்போவ்கா உக்ரைனைச் சேர்ந்தது. ஒரு பேரரசின் பல மொழியினரும் சேர்ந்து உருவாக்கிய கலையை அதன் தலைநகரின் பெயரால் மட்டும் அழைப்பது போதாது என்று இன்றைய ஆய்வாளர் பலர் வலியுறுத்துவதில் நியாயம் இருக்கிறது.

மறைந்தவற்றைத் தேடிய முதல் பெருமுயற்சி அருங்காட்சியகத்திலிருந்து வரவில்லை. கியோர்கி கொஸ்தாகிஸ் 1913இல் மாஸ்கோவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். கலைக்கல்வி எதுவும் பெறாதவர். முதலில் கிரேக்கத் தூதரகத்தில் ஓட்டுநராகவும், பின்னர் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கனடாத் தூதரகத்தில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பொறுப்பாகவும் வேலை பார்த்தவர். பழைய டச்சு ஓவியங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் சேர்த்துவந்த அவர் 1946 வாக்கில் மாஸ்கோ வீடொன்றில் ரோசனோவாவின் ஓவியமொன்றைக் கண்டார். அதன் வண்ணம் தந்த அதிர்ச்சியால், அதுவரை சேர்த்த பழையன அனைத்தையும் படிப்படியாகக் கைவிட்டு, மறக்கப்பட்ட இக்கலைஞர்களின் குடும்பங்களைத் தேடிச் செல்லத் தொடங்கினார். ஸ்தாலின் உயிரோடிருந்த காலத்தில், வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலைபார்க்கும் ஒருவர், அரசு வெறுத்தொதுக்கிய ஓவியங்களைத் தேடி வீடுவீடாகச் செல்வது எத்தகைய துணிவு என்பதை இன்று எளிதில் உணர முடியாது. குப்பையை விலைகொடுத்து வாங்கும் கிறுக்குக் கிரேக்கர் என்றே மாஸ்கோவின் கலைப்பொருள் சேகரிப்போர் அவரை அழைத்தனர்.

அவருடைய தேடலில் கிடைத்தவற்றுள் லியுபோவ் போப்போவாவின் படைப்புகள் தனி இடம் பெறுவன. செல்வக் குடும்பத்தில் 1889இல் பிறந்து, பாரிசில் பயின்று, ஒன்றன்மீதொன்று சாய்ந்து அழுத்தும் வண்ணப் பரப்புகளால் ‘ஓவியக் கட்டடக்கலை’ என்னும் வரிசையை வரைந்தவர் போப்போவா. சுப்ரமேட்டிசத்தின் வடிவங்கள் மிதக்கின்றன என்றால் போப்போவாவின் வடிவங்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. அவற்றில் எடை இருக்கிறது, உராய்வு இருக்கிறது. 1921இல் அவர் ஒட்டுப்பலகையின்மீது எண்ணெய் வண்ணத்தோடு பளிங்குத் தூளையும் கலந்து தீட்டிய படைப்புகளில், மரத்தின் ரேகையே பின்புலமாக வெளித்தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. 1924இல், மகன் இறந்த சில நாள்களுக்குள், அதே செங்காய்ச்சலுக்குத் தாமும் பலியானார். அவருடைய உறவினர் வாழ்ந்த, மாஸ்கோவை அடுத்த ஸ்வெனிகொரோத் ஊரிலுள்ள வீட்டுக்குக் கொஸ்தாகிஸ் சென்றபோது, போப்போவா தீட்டிய ஒட்டுப்பலகை ஒன்று சன்னலை மறைக்க ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. எடுத்தால் மழை உள்ளே வரும் என்று வீட்டார் தர மறுத்ததால், அவர் அளவெடுத்துச் சென்று மாஸ்கோவிலிருந்து அதே அளவில் வேறொரு பலகை கொண்டுவந்து கொடுத்து, ஓவியத்தைப் பெற்றுக்கொண்டார். கிளியுனின் படைப்புகளில் பெரும்பகுதியை அவருடைய மகளிடமிருந்து பெற்றார்.

கொஸ்தாகிசின் தேடல் இல்லாதிருந்தால் முற்றிலும் அறியப்படாமலே போயிருக்கக்கூடியவர்கள் மிஹயீல் மத்யூஷினின் மாணவர்களான எந்தர் உடன்பிறப்புகள் நால்வர்: போரிஸ், க்சேனியா, மரியா, யூரி. மத்யூஷின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர்; ஓவியரும் ஆசிரியருமானவர். மனிதக் கண் நேரெதிரே உள்ளதை மட்டும் குறுகலாகப் பார்க்கப் பழகிவிட்டது என்றும், பக்கங்களையும் பின்புறத்தையும் சேர்த்து உணரும் விரிந்த பார்வையைப் பயிற்சியால் பெற முடியும் என்றும் அவர் கருதினார். ‘காண்பதும் அறிவதும்’ என்னும் இரு சொற்களின் வேர்களை இணைத்து அம்முறைக்கு ‘ஸோர்வேத்’ என்று பெயரிட்டார். அவ்வழியில் எந்தர்கள் வரைந்த ஓவியங்களில் சதுரமும் முக்கோணமும் இல்லை. வண்ணங்கள் வளைந்து, கசிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வளர்கின்றன. போரிசின் ‘விரிந்த வெளி’, மரியாவின் ‘புதிய வெளிப்பரிமாண அனுபவம்’ ஆகியவற்றைப் பார்ப்பவருக்கு, ருஷ்ய அரூபக் கலை என்றால் வடிவகணிதம் என்னும் எண்ணம் அப்போதே தகர்ந்துவிடும். மரியா எந்தர் 1942இல் லெனின்கிராத் (முன்னைய பெத்ரோகிராத்) முற்றுகையின்போது இறந்தார். இயற்கையைத் துறக்காமலே உருவத்தைத் துறக்கலாம் என்று காட்டிய இக்குடும்பத்துக்கு, கலை வரலாற்று நூல்கள் இன்றும் ஒதுக்கும் இடம் மிகச் சிறியது. இது திருத்தப்பட வேண்டிய குறை.

1970களின் இறுதியில் கொஸ்தாகிஸ் சோவியத் நாட்டை விட்டு வெளியேறியபோது தம் சேகரிப்பின் பெரும்பகுதியை மாஸ்கோவின் திரெத்யாக்கோவ் கலைக்கூடத்துக்கு அளித்தார். அவர் எடுத்துச்சென்ற பகுதி 1981இல் நியூயார்க்கின் குகென்ஹைம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவர் 1990இல் ஏதென்சில் மறைந்தபின், 2000ஆம் ஆண்டில் கிரேக்க அரசு 1,275 படைப்புகளை வாங்கித் தெசலோனிக்கியில் நிலைபெறச் செய்தது. இதற்கிடையே, பாலே நடனம் பயின்ற கமிலா கிரே என்னும் ஆங்கிலேயப் பெண், இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், ஆவணக்காப்பகங்கள் மூடியிருந்த நிலையிலும் உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிக் கேட்டு, 1863 முதல் 1922 வரையிலான ருஷ்யக் கலை பற்றி எழுதிய பெருநூல் 1962இல் வெளியானது. மேற்குலகில் இத்துறையின் ஆய்வு அந்நூலிலிருந்தே தொடங்குகிறது. மத்திய ஆசியாவின் நூக்குஸ் நகரில் இகோர் சவீத்ஸ்கி 1966இல் தொடங்கிய அருங்காட்சியகமும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை உருவ ஓவியங்களே என்பதால், அதன் வரலாற்றை இங்கு விரிக்கவில்லை.

மாகாணக் கிடங்குகளின் முறை கடைசியாகத்தான் வந்தது. அங்குப் பலவற்றின் பெயர்ச்சீட்டுகள் உதிர்ந்திருந்தன. சில சுருட்டி வைக்கப்பட்டு வண்ணம் வெடித்திருந்தன. எது தலைகீழ், எது நேர் என்பதே சிலவற்றில் தெரியவில்லை. கித்தானின் முதுகில் ஒட்டியிருந்த பழைய பணியகச் சீட்டின் எண்ணை மாஸ்கோ ஆவணங்களிலுள்ள அனுப்பீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக ஓவியரை அடையாளம் காணும் பணியைச் சில ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்தனர். அவர்களுள் அந்திரேய் சரபியானவ் தொகுத்த, அறியப்படாத முன்னணிக் கலையைப் பற்றிய நூல் 1992இல் வெளிவந்தது. அவரே பின்னர் மாஸ்கோவின் யூத அருங்காட்சியகத்தில் 2016, 2017 ஆண்டுகளில் மாகாண அருங்காட்சியகங்களின் சேகரிப்பிலிருந்து இரு பெருங்கண்காட்சிகளை அமைத்தார். அஞ்சலகத்தில் உரியவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கும் கடிதங்களின்மேல் எழுதும் தொடரையே அவற்றுக்குத் தலைப்பாக வைத்தார்.

இவ்வகைக் கண்டெடுப்புகளில் வியப்புக்குரியது வியாத்கா மாகாணத்தின் யாரான்ஸ்க் ஊரில் நிகழ்ந்தது. 1921இல் வியாத்கா நகரிலிருந்து ஓர் ஓவியக் கண்காட்சி, ரயில் எட்டாத ஊர்களுக்குக் குதிரை வண்டிகளில் புறப்பட்டது. வழியில் ஓரிரு ஊர்களில் காட்டப்பட்டு யாரான்ஸ்க் வந்துசேர்ந்தபின் அது மேலே செல்லவுமில்லை, திரும்பவுமில்லை. ஓவியங்கள் ஊர் அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டன. கந்தின்ஸ்கி, ரோத்சென்கோ, ஸ்தெபானோவா போன்றோரின் படைப்புகள் அவற்றில் இருந்தன. சரபியானவும், அதே பகுதியின் அருங்காட்சியக ஆய்வாளர் அன்னா ஷக்கினாவும் அவற்றை இனங்கண்டு, அந்தப் பழைய கண்காட்சியையே மறுபடி கட்டமைத்து, ‘முன்னணிக் கலை: வண்டியில் 21ஆம் நூற்றாண்டுக்கு’ என்னும் பெயரில் யெகாத்தரின்பூர்கில் காட்டினர்.

கண்டெடுப்பின் மகிழ்ச்சியோடு போலிகளின் கேடும் வந்தது. இளம் வயதில் இறந்த, குறைவாக வரைந்த, ஆவணம் சிதறிய கலைஞர்களுக்குத் திடீரென விலை ஏறியதும், எந்தப் பழைய பட்டியலிலும் இல்லாத ‘ரோசனோவா’க்களும் ‘போப்போவா’க்களும் சந்தையில் பெருகின. 2018இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர அருங்காட்சியகம், வல்லுநர்கள் எழுப்பிய ஐயத்துக்குப் பின், தான் காட்சிக்கு வைத்திருந்த இருபத்துநான்கு படைப்புகளை அகற்ற நேர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள லுத்விக் அருங்காட்சியகம் 2020இல் தன் சொந்தச் சேகரிப்பையே ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தி, மெய்யானவற்றையும் போலிகளையும் அருகருகே வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டியது. தன் குறையைத் தானே வெளிப்படுத்திய அந்நேர்மை மற்ற நிறுவனங்களும் பின்பற்றத்தக்கது. சோதனை நடக்கும் முறை தெளிவானது. தாலோசயனின் என்னும் வேதிப்பொருளால் ஆன நீலமும் பச்சையும் 1930களின் நடுப்பகுதிக்குப் பின்னரே சந்தைக்கு வந்தவை என்பதால், 1916 எனத் தேதியிட்ட ஓவியத்தின் அடிப்பூச்சோடு சேர்ந்த வண்ணத்தில் அவை காணப்பட்டால், அந்தத் தேதி பொய்யாகிறது. ஊடுகதிர்ப் படம் கித்தானின் நெசவையும் அடியில் மறைந்த பழைய ஓவியத்தையும் காட்டுகிறது. ஆயினும் ஆய்வகம் ஓவியம் போலி என்று நிறுவ வல்லதே தவிர, இன்னார் கையால் ஆனது என்று அதனால் மட்டும் நிறுவ இயலாது. அதற்கு ஓவியம் கைமாறிய வரலாறு முறியாமல் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் ரோத்சென்கோவின் பணியகம் எழுதிய அனுப்பீட்டுப் பட்டியல்கள் புதிய பயன் பெறுகின்றன. அரசு வாங்கி, எண்ணிட்டு, ரஸ்தோவுக்கும் சமாராவுக்கும் கொஸ்த்ரோமாவுக்கும் அனுப்பி, பின்னர் எவரும் தொடாமல் கிடந்த ஓவியங்களின் மூலத்தில் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. எனவே ரோசனோவாவின் மெய்யான கையை அறிய விரும்பும் எவரும், ஒரு பட்டையின் விளிம்பு எப்படிக் கரைகிறது, வெள்ளை அடிப்பூச்சு எந்த அளவுக்கு மேலே தெரிகிறது என்பவற்றை அளந்து பார்க்க, முதலில் அச்சிற்றூர் ஓவியங்களிடமே செல்ல வேண்டியிருக்கிறது. விதெப்ஸ்க் நகரில் மாலெவிச்சைச் சூழ்ந்து வளர்ந்த அடுத்த தலைமுறையினரான வேரா யெர்மொலாயேவா, இலியா சாஷ்னிக், நிகொலாய் சுவெத்தின் ஆகியோருக்கு அத்தகைய விரிவான அரசுப் பட்டியல் வாய்க்கவில்லை. அவர்களுடைய படைப்புகள் பீங்கான் கோப்பைகளிலும் பள்ளிச் சுவர்களிலும் தெரு மேடைகளிலும் பரவிய விதத்தை அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)